வெள்ளிக்கிழமை கொடுக்காத கைக்கோடாலி

ஊரிகத்துத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் எலிகள் செத்து விழத் தொடங்கியதும் பிளேக் என்று தெரிந்துபோயிற்று. எல்லோரும் வீட்டைக் காலி செய்துவிட்டு, மேட்டுக்கு அப்பால் இருந்த வெட்டவெளியில் குடிசை போட்டுக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தது. கூரைக்கும் சுவருக்கும் மூங்கில் தட்டி கொடுத்தார்கள். நடவேண்டிய கால்கள், கவைகள், முளைகள் எல்லாம் பக்கத்துக் கரட்டில் அவரவரே வெட்டிக்கொள்ள வேண்டும். லைனில் பெரும்பாலானவர்களிடம் இருந்தது கொடுவாள், இல்லாவிட்டால் விறகு பிளக்கும் பெரிய கோடாலி. நான் உத்தரவைக் கேட்ட அன்றே ராபர்ட்சன்பேட்டைக்கு நடந்துபோய் ஒரு கைக்கோடாலி வாங்கி வந்தேன். நான் தேர்ந்து வாங்கிய பொருள்களில் அதைப்போல் என்னைப் பெருமைப்பட வைத்தது வேறில்லை. அதே கோடாலியை வைத்துக்கொண்டு ஒரு நல்ல மனிதனிடம் பொய் சொன்னேன். இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அப்போதுதான் ராபர்ட்சன்பேட்டையில் கடைகள் எழும்பிக்கொண்டிருந்தன. சுரங்கத்தின் டைம் ஆபீசில் நான் ரைட்டர். இரும்புக் கடைக்காரருக்கு என்னைத் தெரியும்.

"இன்னா ரைட்டரே, பென்சில் சீவவா கோடாலி?" என்றார்.

முதலில் அவர் எடுத்துக் காட்டியது கப்பலில் வந்த சரக்கு. காம்புக்குச் சிவப்புச் சாயம் பூசி, பளபளவென்று இருந்தது.

"சாயத்தைக் கொஞ்சம் சுரண்டிப் பாக்கலாமா?"

"சுரண்டினா நீங்கதான் எடுத்துக்கினு போகணும்."

"அப்போ வேணாம்."

வேலூர்ப் பக்கத்து மிஷன் பள்ளியில் தங்கிப் படித்தபோது, பாடம் முடிந்ததும் எங்களைத் தச்சுப் பட்டறையில் விடுவார்கள். இலக்கணத்தைவிட எனக்கு அங்கே நன்றாக வந்தது. காம்பில் மரத்தின் ரேகை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நேராக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் கை பிடிக்கும் இடத்தில் ஒருநாள் முறிந்து, தலை பறந்துபோகும். அதைச் சாயம் மறைத்துவிடும். மூலையில் கொல்லர் அடித்த உள்ளூர்க் கோடாலிகள் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்தேன். என் விரலிடுக்கிலிருந்து முழங்கை மடிப்பு வரைக்கும் நீளம் போதும். அதற்கு மேலிருந்தால் ஒரு கையால் வேலை செய்ய முடியாது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு கோடாலியின் வெட்டுவாயையும் காம்பையும் ஒரே கோட்டில் பார்த்தேன். கோடாலித் தலையைத் தொங்கவிட்டுச் சாவியால் தட்டிக் கேட்டேன். விரிசல் இருந்தால் ஓசை செத்துவிடும். கடைக்காரரின் அரத்தை வாங்கி வாயில் லேசாக இழுத்தேன். அரம் வழுக்கினால் இரும்பு அதிகக் கடினம், மரக்கணுவில் பட்டுச் சில்லு பெயரும். நன்றாகக் கடித்தால் இரும்பு மிருது, வாய் மடங்கும். இலேசாகக் கடிக்க வேண்டும். பின்பக்கம் தட்டையாக இருந்தால்தான் முளை அடிக்கலாம்.

கடைசியில் ஒரு தலை பிடித்தது, அதன் காம்பு பிடிக்கவில்லை. வேறொன்றின் இலந்தைக் காம்பைக் கழற்றி அந்தத் தலையில் பூட்டச் சொன்னேன்.

"பொண்ணு பாக்கப் போனவங்ககூட இவ்ளோ பாக்க மாட்டாங்க," என்றார் கடைக்காரர். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அது பாராட்டாகவே கேட்டது.

மறுநாள் வெட்டவெளியில் முதலில் எழும்பிய குடிசை எங்களுடையது. துரிஞ்சி மரத்தில் கவையுள்ள கிளைகளாகப் பார்த்து, சாய்வாக இரண்டு பக்கமும் வெட்டி இறக்கினேன். முளைகளைத் தரையில் வைத்துச் சீவாமல் ஒரு கட்டைமேல் நிறுத்திச் சீவினேன். தரையெல்லாம் கல்; வாய் ஒரு முறை பட்டால் போயிற்று. பெரிய கோடாலிக்காரர்கள் இரண்டு கையாலும் ஓங்கிக் களைத்துப்போய் உட்கார்ந்து என்னைப் பார்த்தார்கள். ஆபீஸ்காரன் கையில் மரவேலை இவ்வளவு சுத்தமாக வரும் என்று யாரும் நினைத்ததில்லை. நான் அதை ரசித்தேன்.

பிறகு ஒருவர் இரவல் கேட்டார், கொடுத்தேன். திரும்பி வந்தபோது கோடாலியின் வாயில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. வேரை வெட்டும்போது கல்லில் போட்டிருக்கிறார். நனைத்த கல்லில் தேய்த்துத் தேய்த்து அதைச் சரிசெய்ய ஒரு மாலை முழுவதும் போயிற்று. இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று மனத்துக்குள் முடிவு செய்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பக்கத்துக் குடிசைக்காரர் வந்தார். லைனிலும் அவர் எங்களுக்கு அடுத்த வீடு. சுரங்கத்துக்குள் பாறையில் துளை போடும் வேலை. ஷிப்டை விட முடியாமல் போனதால் அவருடைய குடிசை இரண்டு காலோடு பாதியில் நின்றிருந்தது. அவர் மனைவிக்கு நிறைமாதம்.

"ரைட்டரே, கோடாலியக் கொஞ்சம் குடுங்க. நாலு கால் வெட்டிக்கினு கொண்டாந்துடறேன். மேகம் வேற கட்டிக்கினு இக்கிது. இவளுக்கு இன்னிக்கோ நாளைக்கோன்னு இக்கிது."

பாறையைக் குடைகிறவர் கையில் என் கோடாலி என்ன ஆகும் என்றுதான் என் மனத்தில் ஓடிற்று. "இன்னிக்கு வெள்ளிக்கிழமை ஆச்சே," என்றேன். "வீட்டு இரும்பு வெளியே போகக்கூடாதே."

வெள்ளிக்கிழமை இரும்பும் உப்பும் வெளியே கொடுத்தால் லட்சுமி போய்விடுவாள் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். நாங்கள் ஞாயிறு கோயிலுக்குப் போகிற வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். அந்த வழக்கத்தை மூடத்தனம் என்று லைனில் பலரிடம் வாதாடியவன் நான். அவர் ஒரு வார்த்தை கேலி செய்திருந்தால் சிரித்துவிட்டுக் கொடுத்திருப்பேன். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஆமாங்க, மறந்தே போச்சு. வெள்ளிக்கிழமையில வந்து கேட்டது என் தப்பு. மனசுல வச்சிக்காதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

உள்ளேயிருந்து என் மனைவி வந்தாள். "நமக்கு எப்போலேந்து வெள்ளிக்கிழமை?"

"கல்லுல போட்டா வாய் போயிடும். உனக்குத் தெரியாது."

"கோடாலி மேல கல்லு படக்கூடாது. அந்தப் பொண்ணு மேல மழை படலாமா?"

கோடாலியை எடுத்துக்கொண்டு அவர் குடிசைக்குப் போனேன். அவர் மனைவி தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, துணி மூட்டையில் சாய்ந்திருந்தாள். கோடாலியை நீட்டினேன். அவர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேணாங்க. எனக்காக நீங்க வழக்கத்த விட வேணாம். உங்க வீட்டுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அந்தப் பாவம் எனக்கு வேணாம்."

நான் சொன்னது பொய் என்று அங்கே சொல்லியிருக்கலாம். அவர் கோபப்பட்டிருக்கவும் மாட்டார். அதற்குப் பதிலாக, "கோடாலி என் கையிலேயே இருக்கட்டும். நானே வெட்டித் தரேன்," என்றேன்.

"அது தோஷமில்லையே?"

"இல்ல."

அன்று நான் செய்த வேலையைப்போல் பிறகு ஒருநாளும் செய்யவில்லை. கரட்டில் காற்று புழுதியை வாரி அடித்தது. நான் வெட்டித் தள்ளத் தள்ள அவர் தோளில் சுமந்துகொண்டு ஓடினார். ஒவ்வொரு காலுக்கும் நான்கைந்து வெட்டுதான். கவைகளைக் கூரைக்கழி அசையாமல் உட்காரும்படி குழித்தேன். முளைகளைக் கோடாலியின் பின்பக்கத்தாலேயே அடித்து இறக்கினேன். தலை காம்பில் கடுகளவும் ஆடவில்லை. கடைசித் தட்டியைக் கட்டும்போது முதல் தூறல் விழுந்தது. பிறகு கொட்டிய மழையில் வெட்டவெளியில் பல கூரைகள் சரிந்தன. அந்தக் கூரை நின்றது. காலையில் அதன் கீழே ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஒரு துளி ஒழுகவில்லை என்று மருத்துவச்சி எல்லோரிடமும் சொன்னாள்.

பக்கத்துக் குடிசைக்காரர் அதோடு, நான் வெள்ளிக்கிழமை வழக்கத்தை மதித்ததையும் சேர்த்துச் சொன்னார். தண்ணீர் பிடிக்கும் இடத்திலும், சுரங்கத்துக்குள் கேஜில் இறங்கும்போதும், கேட்டவர் கேளாதவர் எல்லோரிடமும் சொன்னார். எங்கள் கோயில் உபதேசியார் காதுக்கும் எட்டி, "நீ வெள்ளிக்கிழமை பார்க்கிறாயாமே?" என்று அவர் என்னைக் கேட்டார். பிறர் மனம் புண்படாமல் நடந்துகொண்டேன் என்று சொல்லி வைத்தேன். அவர் என்னைப் பாராட்டினார். அது இரண்டாவது பொய்.

அந்தக் குழந்தை வளர்ந்து, அவளுக்குக் கல்யாணம் நடந்தது. குடும்பத்தோடு எங்களை அழைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் பெண்ணின் அப்பா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இவங்க வேதக்காரங்க. ஆனா நம்ம வெள்ளிக்கிழமைக்கு மரியாதை குடுத்தாங்க, என்னையும் கைவிடல. இவங்க வெட்டின கூரைக்குக் கீழதான் இந்தப் பொண்ணு பொறந்தா," என்று சொல்லி என் கழுத்தில் மாலையைப் போட்டார்.

என் மனைவி பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூரையை நான் வெட்டியது உண்மை, அது நின்றதும் உண்மை. அந்த மாலையில் பாதியாவது எனக்குச் சேர வேண்டியது என்று அப்போது தோன்றியது. இன்றும் தோன்றுகிறது. மீதிப் பாதியைத் திருப்பிக் கொடுக்க அவர் இப்போது உயிரோடு இல்லை. அன்று அவர் என் எதிரிலேயே நின்றார். நான் எல்லோரையும் கும்பிட்டுவிட்டு, மாலையோடு முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன்.