எங்கள் பொமரேனியனுக்கு மூளை ஸ்கேன்

சிவகாசியில் நாய்க்கு என்ன வந்தாலும் வெடிதான் காரணம். சோறு தின்னவில்லையா, வெடி. முடி கொட்டுகிறதா, அதற்கும் வெடி. இருபது வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறவள் நான். எனக்காவது கொஞ்சம் புத்தி இருந்திருக்க வேண்டும். இல்லை.

போன தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது எங்கள் பொமரேனியன் இடப்பக்கமாகவே சுற்ற ஆரம்பித்தது. ஹாலுக்கு நடுவில் சங்குசக்கரம் மாதிரி சுற்றும், சுவரில் முட்டும், பிறகு ஒன்றுமே நடக்காததுபோல என்னைப் பார்க்கும். ஒரு நாள் நுரை தள்ளி வலிப்பும் வந்தது. எல்லாக் கம்பெனியிலும் சாம்பிள் வெடித்துப் பார்க்கும் சமயம் அது. பயம்தான் என்று நான் தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

"அது பொறந்ததே எங்க கம்பெனி வாட்ச்மேன் வீட்லதான? அணுகுண்டு வெடிக்கையில பால் குடிச்ச நாய்க்கு இப்பப் போயி என்ன பயம்?"

"நர்சு நீகளா, நானா?" என்றேன். 

மாட்டாஸ்பத்திரி டாக்டரும் அவர் கட்சிதான். மூளையில் கோளாறு மாதிரி தெரிகிறது, சென்னையில் நாய்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்கள், பார்த்துவிடுங்கள் என்றார். நாய்க்கு எம்.ஆர்.ஐ.யா என்று நான் சிரித்தேன். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். நாயின் காதில் பஞ்சு வைத்தேன், ஜன்னலை அடைத்தேன், தலையில் கைவைத்து ஜெபம் பண்ணினேன். ஆறு வாரம் போனது.

தீபாவளி முடிந்து, கம்பெனிகளைப் பூட்டி, ஊரே சத்தமில்லாமல் கிடந்தது. நாய் முன்னைவிட வேகமாகச் சுற்றியது. பழிபோட வெடி இல்லை. அன்றைக்குத்தான் மாட்டாஸ்பத்திரிக்குத் திரும்ப ஓடினேன். கட்டியாக இருந்தால் பிழைக்காது என்று டாக்டர் சொன்னார். மறுநாளே காரைப் பிடித்துச் சென்னைக்குப் போனோம்.

ஸ்கேன் அறை வாசலில் டெக்னீஷியன் எங்களை நிறுத்தினார். மயக்க மருந்து ஏறும்வரை நாயைப் பிடித்துக்கொள்ளலாம், ஆனால் உள்ளே இருப்பது பெரிய காந்தம், இரும்பு எதுவும் ஆகாது என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் என் வீட்டுக்காரர் செல்போன், பெல்ட், வாட்ச், சாவி எல்லாவற்றையும் கழற்றித் தட்டில் வைத்துவிட்டு, சட்டைப் பையையும் வெளியே இழுத்துக் காட்டினார். தினமும் காலையில் கம்பெனி வாசலில் செய்கிற காரியம். பிறகு கதவு நிலையைத் தடவிப் பார்த்தார்.

"தகடு எங்கன சார் இருக்கு?"

"என்ன தகடு?"

"செம்புத் தகடு. அதத் தொட்டு ஒடம்புல இருக்க கரண்ட்ட எறக்கிட்டுல்ல உள்ள போகணும்? இல்லன்னா பத்திக்கிடுமே."

"இங்க பத்திக்க ஒண்ணும் இல்ல சார்."

அப்படியும் கதவுக் கைப்பிடியை ஒரு தரம் தொட்டுவிட்டுத்தான் போனார். மாட்டிக்கொண்டவள் நான். என் கொண்டையிலிருந்து ஒன்பது ஊசி வந்தது.

"இவள எங்க கம்பெனி கேட்டுக்குள்ளயே விட மாட்டேன் சார்" என்று டெக்னீஷியனிடம் சொன்னார்.

நாய் மயங்கியதும் எங்களைக் கண்ணாடிக்கு வெளியே உட்காரவைத்தார்கள். மெஷின் டமடமவென்று அடிக்க ஆரம்பித்தது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"இம்புட்டுச் சத்தத்துலயும் அசையாமக் கெடக்கு பாத்தியா? இதப் போயி பயந்திருச்சுங்கிற."

"மயக்க மருந்து குடுத்திருக்காக. சும்மா இருங்க."

சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு நடுவிலேயே, கட்டியாக மட்டும் இருக்கக் கூடாது, கர்த்தரே, என்று திரும்பத் திரும்ப வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அங்கிருந்த டாக்டரம்மா படத்தைக் காட்டினார். மூளையின் இடப்பக்கம் வெள்ளையாக ஒரு திட்டு. கட்டி இல்லை, வீக்கம்தான், மாத்திரையில் அடங்கும், நாய் பிழைத்துக்கொள்ளும் என்றார். நான் ஸ்தோத்திரம் சொல்லி முடிக்கவில்லை. அவர் நாயின் வலப்பக்கம் கையை ஆட்டிக் காட்டினார். அது திரும்பவே இல்லை. இந்தப் பக்கம் பார்வை போய்விட்டது, முன்னாலேயே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம், ஏன் இவ்வளவு நாள் விட்டீர்கள் என்று கேட்டார்.

 டாக்டரம்மா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எங்க ஊர்ல வெடிச் சத்தம் சாஸ்தி டாக்டர். இவ அப்பமே ஸ்கேன் எடுக்கணும்னுதான் சொன்னா. பயந்திருக்கும்னு நான்தான் அசட்டையா விட்டுட்டேன்."