ஜெரால்டு வந்து நிற்கிற இடம்

புதுக்கடை ஊரில் எங்கள் நடன வகுப்பறையைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது ஜெரால்டின் தங்கை முட்டத்திலிருந்து அழைத்தாள். "சாரே, அண்ணன் போயிட்டான். நெஞ்சு வலிக்குன்னான், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரல." அம்மையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று முந்தின நாள்தான் போயிருந்தான். நான் துடைப்பத்தைக் கீழே வைக்காமல் மீதி அறையையும் பெருக்கி முடித்தேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

அவனிடம் ஆடப் படித்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அவனும் ஒரே வீட்டில், ஒரே பாயில் வாழ்ந்தோம். ஊருக்கு நாங்கள் இரண்டு சார்கள்.

நான் பட்டணத்தில் முறையாகப் பரதம் படித்து வந்தவன், அந்தத் திமிரும் இருந்தது. மீன்கூடை சுமக்கும் பெண்களின் நடையை அவன் வகுப்பில் ஆட வைத்தபோது, இதுவும் நடனமா என்று கேட்டேன். "வெள்ளக்காரனுக்கும் அவன்கிட்டப் படிச்ச பெரிய மனுசனுக்கும் கூச்சமா இருந்ததை எல்லாம் நம்ம ஆட்டத்துலருந்து வழிச்சுப் போட்டாச்சு. எனக்க ஒடம்புக்கு எது கூச்சம்னு அவங்களா சொல்லணும்?" என்றான். அன்று சண்டை. மறுநாள் கூடை நடையில் முதலில் தடுமாறியவன் நான்தான். விழுந்து விழுந்து சிரித்தான், படுபாவி.

எங்களிடம் படித்த, ஆட்டோ ஓட்டும் அஜின், காத்திருக்கும் நாயகியாக ஆட ஆசைப்பட்டான். அவன் அண்ணன் வந்து சத்தம் போட்டார். "அண்ணே, அவன் காத்திருக்கப் படிக்கான். அது பொம்பளைக்கு மட்டும் உள்ள வேலையா?" என்று ஜெரால்டு கேட்டான். அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். ஆனால் அஜின் வகுப்பை விடவில்லை.

சாவு வீட்டில் பெட்டியின் தலைமாட்டில் ஜெரால்டின் அம்மை இருந்தாள். "கல்யாணம் கழியாத பிள்ளை. பக்கத்துல இருந்து அழ ஒருத்தி இல்லியே" என்று யாரோ ஒப்பாரி வைத்தார்கள். நான் பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தேன். யாரென்று கேட்டவர்களிடம் தங்கை, "அண்ணனுக்க கூட டான்ஸ் படிப்பிச்ச சாரு" என்றாள். பொய்யில்லை. எழுந்து போய் அவனருகே உட்கார்ந்திருக்கலாம். பெற்றவளின் துக்கத்துக்கு நடுவே எந்த முகத்தோடு போவது? கையில் கொடுத்த, பால் சேர்க்காத கட்டன்சாயா ஆறிப்போனது. அழக்கூட இல்லை.

நாங்கள் ஒரு ஆட்டம் உருவாக்கிக்கொண்டிருந்தோம். ஒருவன் காத்திருப்பான், இன்னொருவன் கடைசியில் வந்து பக்கத்தில் நிற்பான். நான் காத்திருப்பவன். வருகிறவன் ஜெரால்டு. அவனுடைய சட்டைகளையும் சலங்கையையும் தங்கை கேட்டாள், கொடுத்துவிட்டேன். அவன் வந்து நிற்கிற அந்த இடம் மட்டும் என்னிடம் இருக்கிறது.

வகுப்பு மறுபடி தொடங்கிய அன்று என் பாதியை மட்டும் ஆடினேன். முடிவில் பக்கத்தில் வெறும் தரை. அஜின் எழுந்து வந்தான்.

"சார், அங்க நான் நிக்கட்டா?"

"வேண்டாம் மக்கா."

"பின்ன அது ஆருக்க எடம் சார்?"

"எனக்க ஆளுக்க எடம்" என்றேன். இன்னொருவர் காதுபட அதை நான் சொன்னது அதுவே முதல் தடவை.

அஜின் ஓரமாக உட்கார்ந்து, முதலிலிருந்து தாளம் போடத் தொடங்கினான்.