புகையாகாத ஒருவர்

பாறசாலை பேருந்து நிலையத்தில் முக்காலி போட்டுக் கேமராவை வைத்திருக்கிறேன். ஷட்டர் மெதுவாக மூடும். நடப்பவர்கள் எல்லாம் படத்தில் புகையாகக் கலைந்து ஓடுவார்கள்.

பெஞ்சில் இருப்பவருக்குக் கவலை. ஆபீசுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு, மச்சினனுக்குப் பெண் பார்க்கப் போகிறாராம்.

"சாரே, எனக்க மொகம் இதில விழுமா?"

"யார் முகமும் தெரியாது, எல்லாம் புகைதான்."

நிம்மதியாகிறார். எனக்குத் தொந்தரவு கூடாதென்று கடைசிவரை அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்.

எடுத்த படத்தைப் பார்க்கிறோம். ஊரே புகையாய் ஓடுகிறது. நடுவில் அவர் மட்டும், கன்னத்து மரு உட்பட, தெள்ளத் தெளிவாக.

"நடந்தவன் எல்லாம் தப்பிச்சான். அனங்காம இருந்த நானாக்கும் மாட்டினது. இனி என்ன வழி உண்டு?"

"நடங்கள். திரும்ப எடுக்கிறேன்."

நடைமேடையின் இரண்டு முனைக்கும் கைவீசி நடக்கிறார். நெய்யாற்றின்கரை பஸ்ஸின் ஜன்னலிலிருந்து அவருடைய ஆபீஸ்காரர் ஒருவர் தலையை நீட்டுகிறார்.

"எலே மக்கா, காய்ச்சல் மாறியாச்சா?"

இந்த முறை படம் அருமை. அதில் அவர் இருந்த சுவடே இல்லை.