பால்குடி பிடித்த கண்ணாடி

பால்குடி என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர் கிடையாது. சலூனில் வேலை. ஐம்பதை நெருங்கியும் ஒரு சொட்டு மது நாக்கில் பட்டதில்லை என்பதால் வந்த பட்டப்பெயர். வைத்தவர் அவருடைய மச்சான், மனைவியின் அண்ணன். சலூனும் மச்சானுடையதுதான். வாய் மச்சானுக்கு, வேலை இவருக்கு. காத்திருப்பவர்கள் முன்னால் மச்சான் என்ன சொல்லிச் சீண்டினாலும் இவர் சிரித்துக்கொண்டே சீப்பைத் துடைப்பார். நானும் அங்கேதான் முடி வெட்டிக்கொள்வேன். இவ்வளவு பொறுமை ஒரு மனுஷனுக்கு எதற்கு என்று எனக்கே எரிச்சலாக வரும்.

ஒரு மத்தியானம் மச்சானுக்கு விளையாட்டு முற்றிவிட்டது. இவர் குடிக்கும் பழச்சாற்றில் கடும் சரக்கைக் கலந்து கொடுத்தார். காத்திருந்த இரண்டு பேர் அதைப் பார்த்தார்கள். மச்சான் கண்ணடித்ததால் வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது டம்ளரில் பால்குடிக்கு நாக்குக் குழறியது. அந்த இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து ஓய்ந்து, டீ குடிக்கக் கிளம்பினார்கள்.

"எங்க, எனக்கு ஷேவிங் பண்ணு பார்ப்போம்" என்று மச்சான் நாற்காலியில் சாய்ந்ததைப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

திரும்பி வந்தபோது மச்சானின் கழுத்து அறுந்திருந்தது. முகம் மட்டும் சுத்தமாகத் துடைத்து, பவுடர் போட்டிருந்தது. பின்னால் பால்குடி கைக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முடி வெட்டி முடித்ததும் பின்னந்தலையைக் காட்டுவார்களே, அப்படி.

"போதுமா மச்சான்? போதுமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். சாட்சிகள் இரண்டு பேரும் அதையே சொன்னார்கள்.

நான் வக்கீல். வழக்கு என்னிடம் வந்தது. பால்குடியின் மனைவி என் ஆபீஸில் உட்காரக்கூட இல்லை.

"அண்ணன் போயிட்டாரு சார். இவரும் உள்ள போயிட்டா நானும் பொண்ணும் எங்க போய் நிப்போம்? அவருக்கு எதுவுமே ஞாபகம் இல்ல சார். பொண்ணு தலைல கை வச்சு சத்தியம் பண்ணிட்டாரு."

தானே குடித்துவிட்டுக் கத்தியைத் தூக்கியவனைச் சட்டம் லேசில் விடாது. ஆனால் தெரியாமல் பிறர் ஊட்டிய போதையில், தான் செய்வது இன்னதென்றே அறியாமல் செய்தால், அது குற்றமாகாது. ஊட்டியதற்குச் சாட்சி இருந்தது. அறியாமல்தான் செய்தாரா என்பதில்தான் சண்டை.

"கத்தியில் புது பிளேடு மாட்டியிருக்கிறார். ஒன்றும் அறியாதவர் மாட்டுவாரா?" என்றார் அரசுத் தரப்பு வக்கீல்.

அது கைப்பழக்கம் என்றேன். பிறகு கண்ணாடிக்கு வந்தேன். "ஷேவிங் செய்துகொண்டவருக்கு எந்த ஊரில் பின்னந்தலையைக் காட்டுகிறார்கள்? செய்த வேலை எதுவென்றே தெரியாத, எதிரில் இருப்பவர் செத்ததும் தெரியாத ஒருவர்தான் அப்படி நிற்க முடியும்." எனக்கு என் மேலேயே மரியாதை வந்த நாள் அது. விடுதலை கிடைத்தது.

சலூனை இப்போது பால்குடிதான் திறக்கிறார். ஆனால் ஒருவரும் உள்ளே வருவதில்லை.

"நீங்க ஒரு தடவை வந்து உக்காருங்க சார். உங்களைப் பார்த்தா நாலு பேரு வருவாங்க" என்று அவர் மனைவி கேட்டுக்கொண்டார்.

அவர் அப்பாவி என்று ஊரறியக் கத்தியவன் நான். நானே பயந்தால் எப்படி? மறுநாள் காலையிலேயே போனேன். வேறு யாரும் இல்லை. அவர் நாற்காலியில் சாய்ந்தேன். கழுத்தில் துண்டு, முகத்தில் நுரை. புது பிளேடைப் பிரித்து என் கண்ணெதிரேயே மாட்டினார். கன்னத்தில் கத்தி இறங்கியது. அத்தனை நேர்த்தியான கை. பயத்தை மறைக்க ஏதாவது பேச வேண்டும்போல இருந்தது.

"பரவாயில்லையே, கை கொஞ்சம்கூட நடுங்கலையே!"

"அன்னைக்கும் நடுங்கல சார்."

எப்போதும் பேசும் அதே குரல்.

"எதுவுமே ஞாபகம் இல்லன்னு..."

அவர் என் தாடையை இரண்டு விரலால் மெல்ல நிமிர்த்தினார்.

"பேசாதீங்க சார். தொண்டை அசையுது."