இண்டூர் பஸ்ஸில் ஒரு குழந்தை வண்டி

தையல் டீச்சர் உத்தியோகத்தில் தையல் கால்வாசி, பஸ் முக்கால்வாசி. கைக்குழந்தையோடு வேலைக்குப் போன சகோதரிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு கையில் துணிப் பை, இன்னொரு கையில் குடையும் டிபன் கேரியரும். பிள்ளையைப் பிடிக்க மூன்றாவது கை வேண்டுமே என்று ஆண்டவர் யோசிக்கவேயில்லை.

தர்மபுரி தனி மாவட்டமாகிச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்த சமயம். அதியமான்கோட்டையில் வீடு, இண்டூரில் பள்ளிக்கூடம். தர்மபுரியில் இறங்கி பஸ் மாற வேண்டும். இண்டூரில் இறங்கி ஏரிக்கரை மேல் வெயிலில் நடக்க வேண்டும். வீட்டுக்காரருக்கு பெங்களூரில் தொழிற்சாலை வேலை, சனிக்கிழமை ராத்திரிதான் முகம் காட்டுவார். மாமியார் பொழுதுக்கும் காட்டு வேலையில் இருப்பார். மூத்த பிள்ளை சகாயம் பிறந்த புதிது. புட்டிப் பாலைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வான், அதனால் நான் போகிற இடத்துக்கெல்லாம் அவனும் வந்தாக வேண்டும். என்னுடையதோ தற்காலிக வேலை. பிரசவ லீவுக்கு மேல் வீட்டில் உட்கார்ந்தால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும். அத்தைக்கு அதில் வருத்தமில்லை. "வேலைய வுட்டுடு" என்பதைக் காலையில் ஒரு தரம், விளக்கு வைத்ததும் ஒரு தரம் ஜெபம் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். ஆக எனக்கு ஒரே கேள்வி: பச்சைப் பிள்ளையை எதில் வைத்து இண்டூருக்குக் கொண்டு போவது? பதில் கிடைத்தால் வேலை நிலைக்கும், இல்லாவிட்டால் போகும்.

வெறும் வண்டி

வீட்டுக்காரரிடம் சொல்லி அனுப்பினேன். அவரும் பெங்களூரில் யாரோ துரை வீட்டைக் காலி பண்ணும்போது ஒரு குழந்தை வண்டியைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். நாலு பெரிய சக்கரம், உள்ளே மெத்தை, மேலே குதிரை வண்டிக்குப் போடுகிற மாதிரி கறுப்புக் கூண்டு. பஸ் கூரையில் ஏறி வந்ததில் ஓசூர் புழுதியெல்லாம் அதன் மேல்தான் இருந்தது. எனக்கு அதைப் பார்த்ததும் கால் தரையில் நிற்கவில்லை. உடனே தெருவில் இறக்கித் தள்ளிப் பார்க்கப் போனேன்.

அத்தை குறுக்கே வந்து நின்றார். வெறும் தொட்டிலை ஆட்டினால் பிள்ளைக்கு வயிற்று வலி வருமாம், வெறும் வண்டியைத் தள்ளினாலும் அதேதானாம். பேர் வைக்கிற அன்று தொட்டிலில் முதலில் குழவிக் கல்லைப் படுக்க வைப்போமே, அந்தக் கணக்கில் ஆட்டுக்கல் குழவியைத் தூக்கி வந்து மெத்தையில் வைத்தார். சரி என்று தள்ளினேன். எங்கள் தெரு சரிவு என்பது அந்தக் கல்லுக்குத்தான் முதலில் தெரிந்தது. வண்டி என் கையை விட்டுப் பறந்து, எதிர் வீட்டு வைக்கோல் போரில் மூக்கைச் செருகி நின்றது. அத்தை நிதானமாகப் போய்க் குழவியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு சொன்னார்: "கல்லுக்கே கூட ஓட ஒரு ஆளு வேண்டியிருக்குது. இதுல நீ புள்ளைய வெச்சுத் தள்ளப் போறியாக்கும்."

தக்காளிக்கு வந்த யோகம்

லீவு முடிந்து முதல் நாள். வண்டியைத் தள்ளிக்கொண்டு ரோட்டோரம் நின்றேன். வந்த பஸ் நின்றது, ஆனால் வண்டி உள்ளே போகிற அகலத்தில் அந்த பஸ்ஸுக்கு வாசல் இல்லை. கண்டக்டர் நல்ல மனிதர். பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு வண்டியைக் கூரை மேல் ஏற்றச் சொன்னார். நான் உள்ளே ஜன்னலோரம் உட்கார்ந்தேனே தவிர, மனசு கூரை மேல்தான் உட்கார்ந்திருந்தது. பஸ் ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் மேலே கடமுடா என்று சத்தம். கயிறு அறுந்துவிட்டதோ, சக்கரம் கழன்றுவிட்டதோ என்று தலையை வெளியே நீட்டி நீட்டிப் பார்த்து, பக்கத்தில் இருந்தவர் தூக்கத்தையும் கெடுத்தேன்.

தர்மபுரியில் இறக்கும்போது நாலு பேர் சேர்ந்து பிடிக்க வேண்டியிருந்தது. எட்டிப் பார்த்தால் மெத்தை தெரியவில்லை, விளிம்பு வரைக்கும் தக்காளி. சந்தைக்குப் போக வழியில் ஏறிய சம்சாரி ஒருவர் கூடைக்கு இடம் இல்லை என்று அதில் கொட்டி வைத்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இண்டூர் பஸ் வேறு கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. "கொழந்தை படுக்கற எடத்துல கொட்டலாமாங்க?" என்று கத்தினேன். அவர் கொஞ்சமும் கலங்காமல் ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துக் கூடையில் போட்டுக்கொண்டே சொன்னார்: "வெறும் தொட்டில் போவக் கூடாதுங்க டீச்சர். உங்க புள்ள நல்லதுக்குத்தான் ரொப்பி வுட்டேன்."

முடிச்சு

கூரைப் பயணத்தை ஒரு வாரம் கூடத் தாங்க முடியவில்லை. ஏற்ற நேரம், இறக்க நேரம் என்று பஸ் தாமதமாகி, டிரைவர் என்னைக் கண்டாலே ஹாரனை அழுத்த ஆரம்பித்தார். கடைசியில் தையல்காரி புத்தி வேலை செய்தது. துணி இருக்கிறது, பஸ்ஸில் கம்பி இருக்கிறது, தூளி கட்டினால் என்ன? கெட்டித் துணியில் இரட்டைத் தையல் போட்டு ஒரு தூளி தைத்தேன். சீட்டுக்கு மேலே கம்பியில் கட்டிப் படுக்க வைத்ததும் சகாயம் ராஜா மாதிரி தூங்கினான். பஸ்ஸே ஆட்டிவிட்டது. போகிற வருகிறவர்களும் ஆளுக்கொரு தரம் ஆட்டிவிட்டுப் போனார்கள்.

இண்டூர் வந்தது. முடிச்சு வரவில்லை. பிள்ளையின் கனத்தில் அது இறுகி நெல்லிக்கொட்டை மாதிரி ஆகிவிட்டது. நகத்தால் பார்த்தேன், பல்லால் பார்த்தேன். பஸ் நிற்கிறது, டிரைவர் ஹாரனை அழுத்துகிறார், ஒகேனக்கல் போகிற கூட்டம் மீன் தீர்ந்துவிடப் போகிற மாதிரி முணுமுணுக்கிறது, பிள்ளையும் விழித்து வீறிடுகிறான். கடைசியில் பையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து, நான் தைத்த தூளியை நானே வெட்டினேன். கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டார்: "டீச்சர், முடிச்சுப் போடறதுக்குச் சொல்லித் தர்றீங்க. அவுக்கறது எந்த வகுப்புல வருதுங்க?"

மடங்கும் வண்டி

அடுத்து தர்மபுரியில் சைக்கிள் கடை மேஸ்திரியிடம் போனேன். பஸ்ஸில் சீட்டுக்கு அடியில் போகிற மாதிரி மடங்க வேண்டும், விரித்தால் பிள்ளை படுக்க வேண்டும் என்றேன். அவர் தாடையைத் தடவிக்கொண்டு யோசித்து, மடக்கு நாற்காலிக்குச் சின்னச் சக்கரம் வைத்த மாதிரி ஒன்று செய்து கொடுத்தார். பஸ்ஸில் அது அழகாக அடங்கிவிட்டது. கண்டக்டர்கூட லக்கேஜ் டிக்கெட் கிழிக்காமல் விட்டுவிட்டார். அன்று காலை நான் சிரித்துக்கொண்டே இறங்கியது நிஜம்.

ஏரிக்கரை மண்ணில் சின்னச் சக்கரம் புதைந்தது. பிள்ளையைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு ஒரு கையால் வண்டியை இழுத்தேன். படாரென்று ஒரு சத்தம். வண்டி தானாக மடங்கி, ஒரு நிமிஷம் முன்பு அவன் தலை இருந்த இடத்தில் இரண்டு இரும்புச் சட்டமும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. கரையிலேயே உட்கார்ந்து அழுதேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ, அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. சாயங்காலம் வண்டியை மேஸ்திரி முன்னால் போட்டேன். சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு அவர் வண்டியைப் பார்த்தாரே தவிர என்னைப் பார்க்கவில்லை: "மடங்கணும்னு சொன்னீங்க, மடங்குது. எப்ப மடங்கக் கூடாதுன்னு நீங்க சொல்லவே இல்லீங்களே."

வண்டிக்கு ஒரு வேலை

வேறு வழியில்லாமல் பழைய பெங்களூர் வண்டியே மறுபடி கூரை ஏறியது. நானும் மறுபடி தாமதமாகப் போனேன். எங்கள் தலைமை ஆசிரியர் கெட்டவர் இல்லை, ஆனால் கடிகாரத்தைப் பார்த்துப் பேசுகிறவர். இன்ஸ்பெக்ஷன் வருகிறது, இனிமேலும் தாமதம் என்றால் மேலே எழுதித்தான் ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார். வகுப்பில் போய் நின்றால் ஊசியில் நூல் கோக்க வரவில்லை, அப்படி ஒரு பதற்றம். அன்று சாயங்காலம் வந்த பஸ்ஸில் கூரை நிறைய மூட்டை. வண்டியை ஏற்ற முடியாது என்றார் கண்டக்டர். எனக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது. வண்டியை இண்டூர் ஸ்டாப்பில் இருந்த டீக்கடை ஓரமாகத் தள்ளிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினேன்.

மறுநாள் காலை இறங்கினால் வண்டி அங்கேயே நிற்கிறது, அதற்குள் பன் அடுக்கியிருக்கிறது. கடைக்காரர் பன்னை எடுத்துவிட்டுத் துடைத்துக் கொடுத்தார். சகாயத்தைப் படுக்க வைத்து, பையையும் கேரியரையும் கால்மாட்டில் வைத்துத் தள்ளினேன். பெரிய சக்கரம் ஏரிக்கரையில் ஓடிய ஓட்டத்தில் முதல் மணிக்கு முன்பே போய்விட்டேன். வண்டி பஸ்ஸில் வர வேண்டிய அவசியமே இல்லை, அது இண்டூரிலேயே இருந்தால் போதும் என்பது இத்தனை அலைந்த பிறகுதான் உறைத்தது. வகுப்பில் அவன் வண்டியில் தூங்க, பெண்கள் அவனுக்கு அளவெடுத்துச் சட்டை தைத்தார்கள். எட்டிப் பார்த்த தலைமை ஆசிரியர் சொன்னார்: "டீச்சர் நேரத்துக்கு வந்தது சரி. பன் வாசனை எங்கிருந்து வருது?"

முன் சீட்டு

பஸ்ஸுக்குள் இருக்கும் நேரம்தான் பாக்கி. அதற்கு எல்லாரும் செய்கிறதையே செய்தேன். நிற்க இடமில்லாவிட்டால் பிள்ளையை உட்கார்ந்திருக்கிற யார் மடியிலாவது கொடுத்துவிட வேண்டியது. நீட்டினால் வாங்காதவர்களை நான் பார்த்ததில்லை. ஆனால் ஒரு சந்தை நாள் சாயங்காலம் இண்டூரில் ஏறிய கூட்டம் வேறு மாதிரி இருந்தது. பின்வாசலில் தொற்றி ஏறினேன். மூச்சு முட்டியதால் பிள்ளையை முன்னால் அனுப்பினேன். தலைகளுக்கு மேலே கை மாறிக் கை மாறிப் போனான், யார் மடியில் போய்ச் சேர்ந்தான் என்று தெரியவில்லை. பாதி வழியில் அவன் அழுகைச் சத்தம் கேட்டது. பசி அழுகை. என் ரவிக்கை நனைந்துவிட்டது. ஒரு அடி நகர முடியவில்லை. பிறகு அழுகை சட்டென்று நின்றது. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் போனது. இடித்தேன், கெஞ்சினேன், திட்டினேன், தர்மபுரி வரைக்கும் நின்ற இடத்திலேயே நின்றேன். வேலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், நாளைக்கே எழுதிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தது அங்கேதான்.

பஸ் நின்றதும் பின்னால் குதித்து முன்வாசலுக்கு ஓடினேன். முன் சீட்டில் நிலக்கடலை மூட்டையைக் காலடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். ஒரு பக்கம் அவள் பிள்ளை, இன்னொரு பக்கம் முந்தானைக்குள் என் பிள்ளை. வாய் ஓரம் பால் வழியத் தூங்கிக்கொண்டிருந்தான். வாயில் வந்த திட்டெல்லாம் எங்கே போயிற்றோ. "ரெண்டு பேருக்கும் இருந்துச்சுங்க, அதான் குடுத்தேன்" என்று அவனை என் கையில் கொடுத்துவிட்டு, மூட்டையைத் தலையில் ஏற்றி, தன் பிள்ளையை இடுக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள். பேர் கேட்கக்கூட விடவில்லை.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் மறைக்காமல் சொன்னேன். பயம்தான். மாதா கோயிலில் ஒரே நற்கருணை அப்பத்துக்கு நாக்கை நீட்டுவோம், வீட்டுக்கு வந்தால் யார் வீட்டுத் தண்ணீர் என்று விசாரிப்போம், எங்கள் லட்சணம் அது. "யாரு அவ?" என்றார். தெரியாதுங்க என்றேன். "எந்த ஊரு?" தெரியாதுங்க. "என்ன ஆளுங்க?" அதுவும் தெரியாதுங்க. நாளைக்கு வேலையை எழுதிக் கொடுத்துவிடுகிறேன் அத்தை என்று நானே சொன்னேன். அவர் சகாயத்தை வாங்கி, அவன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். நிறைந்திருந்தது. பிறகு உள்ளே போனார். ராகிப் பானையில் படி உரசுகிற சத்தம் கேட்டது. ஒரு துணிப் பையை முடிந்துகொண்டு வந்து என் மடியில் வைத்தார்: "பால் குடுக்கறவளுக்கு ராகி நல்லது. எழுதிக் குடுத்துட்டின்னா அவளை எங்க போய்த் தேடுவ? தெனமும் அந்த பஸ்ஸுலயே போ, என்னைக்காச்சும் ஒரு நாள் ஏறுவா."

குழந்தை வண்டி வாங்கப் போகிற சகோதரிகள் யோசனை கேட்டால் நான் சொல்வது இதுதான்: சக்கரத்தையும் கூண்டையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் உங்கள் பஸ்ஸின் முன் சீட்டில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.