பெட்டிக்குள் அடங்காத நான்காவது பெயர்

பட்டாசு ஆலை வாசலைச் செல்போன் தாண்டக் கூடாது. அதனால், யாருக்கு எந்த அறை என்பதை என் மதினி காலையில் வாசலிலேயே போனைப் பார்த்து வாசித்துவிட்டு, போனை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு உள்ளே போவார். மதினி அங்கே சூப்பர்வைசர். அந்தப் பட்டியலுக்கான ஆப் என் கைவண்ணம். இருபது வருடம் பட்டாசு லேபிள் வடிவமைத்தவன், தலை நரைத்தபின் புரோகிராமிங் கற்றால் என்ன ஆகும் என்பது முதல் நாளே தெரிந்தது.

வாசித்து முடித்ததும் ஆனைக்குட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு பெண் மட்டும் நின்றார்.

"அக்கா, எம்பேரு வரலையே?"

"மூணாம் ரூமுக்கு மூணு பேருதான் இருக்கு. லிஸ்ட்ல இல்லாம உள்ள விட முடியாதும்மா."

அவருக்கு அன்றைய கூலி போய்விடும். நான் அவசரமாக என் போனைத் திறந்தேன். நான்காவதாக அவர் பெயர் கம்பீரமாக இருந்தது.

"இவுக போன்ல எனக்கு வேலை இருக்கு, உங்க போன்ல இல்லையா? அப்ப நான் இவுக போனுக்குள்ளயே வேலை பாத்துக்கிறேன்" என்றார் அவர்.

"கொளுந்தனாரே, உங்க ஆப் ஆளை முழுங்குதா?" என்றார் மதினி.

மதினியின் போனை வாங்கிப் பார்த்தேன். கண்ணாடி போட வெட்கப்பட்டு, எழுத்தைப் பூசணிக்காய் அளவுக்குப் பெரிதாக்கி வைத்திருந்தார். நீளமான பெயர்கள் இரண்டு வரியாக மடங்க, நான்காவது பெயர், திரையில் அந்த அறைக்கென நான் வரைந்திருந்த பெட்டியின் அடியில் மறைந்துவிட்டது. எழுத்தைச் சிறிதாக்கினேன், பெயர் மேலே வந்தது. அந்தப் பெண்ணும் உள்ளே போனார்.

ஆப்பைத் திருத்த, வாசலுக்கு வெளியே இருந்த ஆபீஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது. லேபிளில் காகிதத்தின் அளவு மாறாது. எழுத்துதான் ஒடுங்கிக்கொள்ள வேண்டும். அந்தப் புத்தியில் பெட்டியின் உயரத்தை நான் நிலையாக வைத்திருந்தேன். போனில் வரிசை தலைகீழ்: முதலில் எழுத்தை அளக்க வேண்டும், வரி எங்கே மடங்கும் என்று கேட்க வேண்டும், அதன்பின்தான் பெட்டி.

சரி என்று அளந்து, முதல் வரியைப் பெட்டியின் மேல் விளிம்பில் வைத்தேன். பெயரைக் காணோம். 'மு'வின் வால் மட்டும் விளிம்புக்குக் கீழே எட்டிப் பார்த்தது. இடம் குறிக்க நான் கொடுத்த எண் எழுத்தின் தலைக்கு உரியது அல்ல, அது உட்காரும் கோட்டுக்கு உரியதாம். அந்தக் கோட்டுக்கு மேலே தலைக்கும் புள்ளிக்கும் எவ்வளவு இடம் வேண்டும், கீழே வாலுக்கு எவ்வளவு என்று எழுத்துருவே சொல்லும். நாம் கேட்க வேண்டும். இத்தனை வருடம் எழுத்துகளை நான் கேட்டதே இல்லை, அதட்டித்தான் பழக்கம்.

சாயங்காலம் வாசலில் அந்தப் பெண்ணே சோதனை செய்தார்.

"எழுத்தை இன்னும் பெருசாக்குங்க."

ஆக்கினேன். அவர் பெயர் இரண்டு வரியானது. பெட்டி நீண்டது, நாலாம் அறையின் பெட்டி கீழே இறங்கியது.

"இன்னும்."

மூன்று வரி. நாலாம் அறை திரையை விட்டே போனது. விரலால் தள்ளிப் பார்த்தார், பத்திரமாக இருந்தது.

"காலையில என்னைய வெளிய நிறுத்துனீக. இப்ப எனக்கு நாலாம் ரூமே ஒதுங்கி வழி விடுது" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.