கீழ் லெவலில் சொருகு

கடைசித் திருகையும் முடுக்கிவிட்டு, பெட்டியின் முன்பக்கம் தன் பெயர் போட்ட ஸ்டிக்கரை ஒட்டி, கட்டைவிரலால் இரண்டு முறை அழுத்தித் தேய்க்கிறாள் லவினா. அதன் பிறகுதான் கம்ப்யூட்டர் வாங்க வந்தவரைத் திட்ட ஆரம்பிக்கிறாள். எதிரே நிற்பவர் இன்னும் ஒரு தப்பும் செய்திருக்க மாட்டார். இனிமேல் செய்யப்போகிற தப்புக்கு முன்கூட்டியே விழுகிற திட்டு அது.

"மானிட்டர் வயர எங்க சொருகணும்? சொல்லு."

"கீழ் லெவல்லக்கா."

"மேல் லெவல்ல?"

"சொருகக் கூடாதுக்கா."

"இன்னொரு வாட்டி சொல்லு."

மீசை நரைத்தவரானாலும் ஞாயிறு பள்ளிப் பிள்ளை மாதிரி ஒப்பித்துவிட்டுத்தான் பெட்டியைத் தூக்க முடியும். பெட்டியின் பின்புறம் வயரைச் சொருக இரண்டு இடம் உண்டு. மேலே இருப்பது மதர்போர்டுடையது, கீழே இருப்பது கிராபிக்ஸ் கார்டுடையது. மேலே சொருகினால் ஆசைப்பட்டு வாங்கிய கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும், கேம் திக்கித் திணறும். சில பிராசசரில் திரையே வராது. இதைத் தங்கச் சுரங்க ஊரான மைசூர் மைன்ஸ் ஆட்களுக்குச் சொல்ல அவள் கண்டுபிடித்த வழிதான் லெவல், அதாவது சுரங்கத்துக்குள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும் தளம். "சரக்கு பூரா கீழ் லெவல்லதான் இருக்கும், மேல ஒண்ணும் கெடையாது" என்றால் அந்தச் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் யாருக்கும் விளங்கிவிடும்.

வார நாட்களில் காலை ரயிலைப் பிடித்து பெங்களூர் போய், ஒரு கம்பெனியில் சம்பளக் கணக்குப் பார்க்கிறாள். சனி, ஞாயிறு வீட்டு முன்னறையில் கேமிங் கம்ப்யூட்டர் பூட்டுகிறாள். கோபத்துக்கு மட்டும் வார விடுமுறை கிடையாது.

அதில் முக்கால்வாசி மதர்போர்டு விஷயமாக வருவது. "கார்டுன்னா உசுர வுடுவானுங்க. போர்டுன்னா மட்டும் 'இருக்கறதுல சல்லிசா ஒண்ணு போடுக்கா'ன்னுவானுங்க. அது இன்னா கொத்தமல்லியா, கொசுறா குடுக்க?" என்பாள். தள்ளுபடி என்று போர்டை வாங்கிவந்து, பிராசசர் அதன் சாக்கெட்டில் உட்காரவில்லை என்று நிற்பவரை வாசலிலேயே வைத்துக் கிழிப்பாள். பின்னால் மெமரி சேர்க்க இடம் இருக்கிறதா, சூடு தணிக்கும் தகடு ஒழுங்காக இருக்கிறதா என்றெல்லாம் கேட்காமல், கலர் விளக்கு எரியுமா என்று கேட்டால் அவளுக்கு மூக்கு சிவந்துவிடும். "லைட்டு வோணும்னா கிறிஸ்மஸ் ஸ்டாரு வாங்கி மாட்டு, போ." புது மானிட்டரோடு வந்த டிஸ்ப்ளேபோர்ட் வயரை டப்பாவிலேயே விட்டுவிட்டு, டிவியில் கிடந்த பழைய எச்டிஎம்ஐ வயரை மாட்டி, "ஸ்பீடு ஏறலக்கா" என்று போன் செய்கிறவர்களுக்குத் தனி அர்ச்சனை.

இத்தனை வாங்கிக் கட்டிக்கொண்டும் ஆட்கள் அவளிடமே வருகிறார்கள். அவள் பூட்டிய பெட்டிக்குள் பழைய சாமான் இருக்காது. அந்த ஸ்டிக்கருக்கு அதுதான் அர்த்தம்.

போன மாதம் ரயிலில், தனக்கு ஒரு பெட்டி வேண்டும் என்று சொல்லியிருந்த நோயல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. எனக்கு இப்ப வோணாம்."

"ஏன், இன்னா ஆச்சி?"

"ஆண்டர்சன்பேட்ட துணிக்கடை விநாயக்குக்குப் போட்டீங்களே, அது பிட்காயின் தோண்டித் தேஞ்சுபோன பழைய கார்டாமே. பஜார் பூரா அவரே சொல்லிகினு இருக்காரு."

லவினாவுக்கு உடம்பு பற்றி எரிந்தது. எரிச்சலை விட அவமானம்தான் அதிகம். சுற்றி இருந்தவர்களில் பாதிப்பேர் அவளிடம் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள். அவர்கள் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். கெட்டுப்போன பெயரை இந்த ஊரில் எந்தக் கடையிலும் மாற்றித் தரமாட்டார்கள்.

அந்த வாரச் சனிக்கிழமை துணிக்கடை வாசலில் நின்றே ஆரம்பித்தாள். "டேய் விநாயக்! பழைய கார்டா? பொய்யி சொல்ல வாய் கூசல உனக்கு?" பஜாரே திரும்பிப் பார்த்தது. புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருந்த விநாயக்கின் முகம் கறுத்துவிட்டது.

"கத்தாதீங்கக்கா. சும்னே ஒண்ணும் சொல்லல. கேம் போட்டா நொண்டி அடிக்குது. உள்ள வந்து நீங்களே பாருங்க."

கடைக்குப் பின்னால் வீடு. மேசையின் இடது ஓரத்தில், பக்கவாட்டுச் சுவரை ஒட்டிப் பெட்டி இருந்தது. அவள் கண்ணில் முதலில் பட்டது ஸ்டிக்கர்தான். அவள் பெயர் தலைகீழாக நின்றது.

"இன்னாடா இது? பொட்டிய இன்னாத்துக்குக் கவுத்து வெச்சிருக்க?"

பதில் விநாயக்கின் அம்மா சௌந்தரத்திடமிருந்து வந்தது. காபியோடு வந்தவர், "நாந்தாம்மா வெக்கச் சொன்னேன். நேரா வெச்சா கலர் லைட்டு தெரியற கண்ணாடி சொவத்துப் பக்கம் போயிடுது. கவுத்து வெச்சா இந்தாண்ட தெரியுது பாரு" என்று பெருமையாகக் காட்டினார்.

லவினா செல்போன் வெளிச்சத்தில் பின்புறம் எட்டிப் பார்த்தாள். பெட்டியின் நான்கு ரப்பர் கால்களும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. கார்டு மேலே போயிருந்தது. அதன் துளைகளில் மூடிகூடக் கழற்றவில்லை. வயர் கீழே, மதர்போர்டில் இருந்தது.

"போர்டுல சொருகிட்டு என் கார்டக் குத்தம் சொல்றியா?"

"கீழ் லெவல்னு மூணு வாட்டி சொல்ல வெச்சீங்களேக்கா. கீழதான் சொருகினேன்."

"கவுத்து வெச்சா கீழது மேல போயிடாது?"

"கவுத்து வெக்கக் கூடாதுன்னு நீங்க சொல்லலியே."

லவினாவின் கோபம் அப்படியே முழுசாகத்தான் இருந்தது, ஆனால் யார் தலையில் கொட்டுவது என்று தெரியவில்லை. வயரைப் பிடுங்கி, மூடியைக் கழற்றி, மேலே கார்டில் சொருகினாள். கேம் வழுக்கிக்கொண்டு ஓடியது. சௌந்தரம் கை தட்டினார். மற்ற இருவரும் சிரிக்கவில்லை.

"பஜார்ல வெச்சி என்னப் பொய்யன்னுட்டீங்களேக்கா."

"நீ மட்டும்? என்னத் திருடின்னுதான சொல்லிகினு திரிஞ்ச?"

விநாயக் போனை எடுத்து, அவள் காதிலும் விழும்படி ஸ்பீக்கரைப் போட்டு நோயலைக் கூப்பிட்டான். "நோயல், கார்டு புதுசுதான்ப்பா. வயர மாத்திச் சொருகிட்டோம், அவ்ளோதான்."

"யாரு மாத்திச் சொருகினது?"

விநாயக் லவினாவைப் பார்த்தான்.

"நாந்தான் தப்பா சொல்லிக் குடுத்தேன்னு சொல்லேன்டா! வாயில இன்னா கொழுக்கட்டையா?" என்று கத்தினாள். நோயலுக்கும் கேட்டிருக்கும்.

ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்தாள். பெட்டியை இப்போது நிமிர்த்தி வைத்துவிடுவாள் என்று நினைத்து, சௌந்தரம் விளக்குகளைக் கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொண்டார். லவினா மேசை முன் குனிந்து, ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் கிளப்பி, கிழியாமல் உரித்தாள். கவிழ்ந்திருந்த பெட்டியிலேயே அதை நேராகத் திருப்பி ஒட்டி, கட்டைவிரலால் இரண்டு முறை அழுத்தித் தேய்த்தாள்.